டபுள்ஸ் வழக்கு

1

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்தபோது கதவடியில் ஒரு உறை குப்புறக் கிடந்தது. திருப்பினால் காவல்துறை முத்திரை. ஷூவைக் கழற்றாமல், கோட்டைக் கழற்றாமல் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஹாலந்துக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. பாஸ்போர்ட் மாறிவிட்டது, உடல் எடை மாறிவிட்டது. போலீஸ் என்றதும் வருகிற பயம் மட்டும் தஞ்சாவூர்ப் பக்கத்து எங்கள் பாபநாசத்தில் ஏறியது, இன்னும் இறங்கவில்லை.

"மதிப்பிற்குரிய திருமதி கோவிந்தராசு" என்று தொடங்கியது கடிதம். கோவிந்தராசு என் அப்பா. இந்த நாட்டுப் படிவங்களில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? வந்த புதிதில் அப்பா பெயரை அதில் எழுதினேன். அன்றிலிருந்து பல் டாக்டரும் தண்ணீர் வரி ஆபீஸும் என்னைக் கோவிந்தராசு என்றே கூப்பிடுகிறார்கள். மல்லிகா என்று கூப்பிட வீட்டுக்காரர் ஒருத்தர்தான். அவருக்கும் துறைமுகத்தில் மாறி மாறி ஷிப்ட்.

கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். உங்கள் மகள் எங்கள் அலுவலர் ஒருவர்மீது புகார் அளித்திருக்கிறார். சம்பவத்தைப் பார்த்த சாட்சியாக உங்கள் பெயரைக் குறிப்பிட்டிருக்கிறார். அடுத்த வாரம் வந்து ஒரு கோப்பை காபியோடு பேசலாமா?

மகள் கயல் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பதினைந்து வயது.

"காகிதம் வந்திட்டுதோ? அம்மா, நீங்கள் கண்டனீங்கள்தானே?"

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அவளுக்கு அகரம் சொல்லிக்கொடுத்தவர் யாழ்ப்பாணத்து ஆசிரியை. தஞ்சாவூர்க்காரி பெற்ற பிள்ளை 'ஓம்' என்கிறது, 'கதைப்பம்' என்கிறது. அவள் பேசும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளை என் வீட்டில் வளர்கிற மாதிரி இருக்கும். அவள் தமிழ் பேசுவதே பெரிய காரியம் என்று நானும் திருத்துவதில்லை.

"என்னைக் கேக்காம என் பேரை ஏண்டி போட்டே?"

"நீங்கள்தானே பக்கத்தில நிண்டனீங்கள்? வேற ஆரைப் போடுறது?"

நின்றேன்தான். சந்தைக்குப் போய்விட்டு ஆளுக்கொரு சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தோம். கயல் ஒரு கையில் போனைப் பார்த்தபடி ஓட்டினாள். இங்கே அது குற்றம். சைக்கிளில் ரோந்து வந்த ஒரு போலீஸ்காரர் அவளை ஓரங்கட்டினார். அவளுக்கு முன்னால் போன இரண்டு பொன்முடிப் பிள்ளைகளின் கையிலும் போன் இருந்தது. அவர்களை விட்டுவிட்டார். கயலிடம் விலாசம் கேட்டு, அபராதம் எழுதி, அறிவுரையும் சொல்லிவிட்டு ஏறிக் கிளம்பினார். முப்பது அடி போயிருக்கமாட்டார், அவருடைய போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். பேசிக்கொண்டே சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனார்.

கயல் வாயைப் பிளந்து நின்றாள். நான் சிரித்துவிட்டேன். தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்தவளுக்கு அதில் திகைக்க என்ன இருக்கிறது?

"சிரிக்காதேங்கோ அம்மா" என்றாள். கண்ணில் நீர் நின்றது.

2

இந்த ஊரும் ஒரு டெல்டாதான். அதைச் சொல்லாமல் என் ஏக்கம் உங்களுக்குப் புரியாது. தட்டை நிலம், ஒழுங்காக வெட்டிய வாய்க்கால்கள், மதகு, கரை, கரைமேல் நாரை. முதல் வருடம் ரயிலில் போகும்போது கண்ணை இறுக்கி மூடித் திறப்பேன். ஒரு கணம் பாபநாசம் தெரியும். மறுகணம் காற்றாலை தெரிந்து காரியத்தைக் கெடுத்துவிடும். இங்கே தண்ணீருக்காக யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. தண்ணீரை வெளியே தள்ளுவதுதான் இவர்கள் கவலை. மேட்டூர் எப்போது திறப்பார்கள் என்று கேட்காத ஒரு ஆனி மாதத்தை நான் இங்கேதான் முதலில் பார்த்தேன். கேட்க வேண்டியதில்லை என்பதே ஒரு அனாதைத்தனம்.

எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் குற்றமாக இருந்த டபுள்ஸ், ஒரே சைக்கிளில் இரண்டு பேர் போவது, இங்கே குற்றமில்லை. காதலிகள் கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து போகிறார்கள். அம்மாக்கள் முன்னொன்றும் பின்னொன்றுமாகப் பிள்ளைகளை வைத்து மிதிக்கிறார்கள். முதல் தடவை பார்த்தபோது "பாலத்துல மழை!" என்று கத்தத் தோன்றியது.

அது எங்கள் ஊர்ச் சங்கேதம். குடமுருட்டி ஆற்றுப் பாலத்தின் மேல் போலீஸ் நின்றால் எதிரே வருகிறவர்கள் சொல்லிக்கொண்டே போவார்கள். சுள்ளென்று வெயில் அடிக்கும். "பாலத்துல மழைங்க" என்பார்கள். உடனே கேரியரில் இருப்பவர் குதித்து இறங்கி, அந்த மனிதரை முன்பின் பார்த்ததே இல்லை என்பதுபோல் நடப்பார். பாலம் தாண்டியதும் சைக்கிள் காத்திருக்கும். புருஷன் பெண்டாட்டி பாலத்தின்மேல் அந்நியர். புதுக் கல்யாணக்காரர்கள்கூட அப்படித்தான் நடந்தார்கள்.

மாட்டினால் கான்ஸ்டபிள் ராஜமாணிக்கம் சைக்கிளின் வால்ட்யூபைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொள்வார். காற்று இறங்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டு ஸ்டேஷன்வரை போக வேண்டும். மாலையில் அவருடைய காக்கிச் சட்டைப் பை வால்ட்யூபால் புடைத்திருக்கும். டூட்டி முடிந்ததும் அன்று பிடித்த வண்டிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். "நீ எந்தப் பக்கம்யா? கபிஸ்தலமா? நல்லதாப் போச்சு." ட்யூபை அவரே திருப்பிக் கொடுப்பார், காற்றடிக்கச் சொல்லிவிட்டு நிற்பார், பின்னால் ஏறி உட்கார்ந்துகொள்வார். மிதிக்கிறவன் பயந்து, "ஏட்டய்யா, டபுள்ஸுங்களே" என்றால், "அட, மிதிய்யா. பிடிக்கிறவன் பின்னாடியே இருக்கேன், வேற எவன் பிடிப்பான்?" என்பார். கான்ஸ்டபிளை ஏட்டய்யா என்று ஒரு படி உயர்த்திக் கூப்பிடுவது ஊர் வழக்கம். அவரும் மறுத்ததில்லை.

இதை ஒரு கதையாகக் கயலுக்குச் சொல்லியிருக்கிறேன். சின்ன வயதில் விழுந்து விழுந்து சிரிப்பாள். அதோடு நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் உள்ளதை அவளுக்கும் சொன்னதில்லை, யாருக்கும் சொன்னதில்லை.

3

எனக்கு ஒன்பது வயது. தை மாதம், சம்பா அறுவடை. அந்த வருடம் வயல் வரப்பில் கதிரைவிடக் கொடிகள் அதிகம் நின்றன. சிவப்பு ஒரு பக்கம், கறுப்பு சிவப்பு ஒரு பக்கம். ஆட்சியில் இருந்தவர்கள் மேடைக்கு மேடை உழுகிறவனுக்கே நிலம் என்றார்கள். குத்தகைக்காரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றலாம் என்று சட்டமும் வந்திருந்தது. தாசில்தார் ஆபீஸ் மாடிப்படி ஏறுவதற்குள் அந்தச் சட்டத்துக்கு மூச்சு வாங்கியது. மிராசுதாரின் நிலத்தைக் குத்தகைக்கு உழுத அப்பாவும் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

கூலியாட்கள் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு அறுப்பை நிறுத்தியிருந்தார்கள். மிராசுதார் வெளியூரிலிருந்து ஆள் இறக்கினார். அவர்களுக்குக் காவலாகப் போலீஸ் ஜீப் காலையும் மாலையும் வாய்க்கால் கரைச் சாலையில் ஓடியது.

காத்தமுத்து அந்தக் கூலியாட்களில் ஒருவர். முப்பது வயதிருக்கும். கருக்கரிவாள் பிடித்தால் அவர் நிரைக்கு யாரும் ஈடுகொடுக்க முடியாது என்பார்கள். அதுவரை எங்கள் வீட்டு ஆண்களை 'ஆண்டே' என்று அழைத்த அவருடைய தெரு, அந்த வருடம்தான் 'அண்ணே' என்று அழைக்கத் தொடங்கியிருந்தது. அப்பாவுக்கு முதலில் முகம் சுருங்கியது, பிறகு பழகிவிட்டது.

அன்று அப்பா என்னைக் கேரியரில் வைத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வந்துகொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் காத்தமுத்து சைக்கிளில் தனியாகப் போனார். பின்னால் வெறும் கேரியர். கிளிப்பில் ஒரு சிவப்புத் துண்டு மடித்துச் செருகியிருந்தது. அது படபடவென்று அடித்ததை எண்ணிக்கொண்டே வந்தேன்.

எதிரே ஜீப் வந்தது. அதன் பக்கத்தில் பள்ளம் என்பதால் எங்கள் பக்கத்தில் வந்தது. ஓட்டிய போலீஸ்காரர் ஒரு கையில் கரும்பு வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். பொங்கல் முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. தோலைக் கடித்து இழுக்கத் தலையைத் திருப்பினார். அவ்வளவுதான்.

சைக்கிள் வாய்க்காலுக்குள் போனது. காத்தமுத்து சாலையிலேயே கிடந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் பார்த்திருந்தது. அப்பா ஓடிப்போய் அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவர் வலி என்று சொல்லவில்லை, தண்ணீர் கேட்கவில்லை.

"அண்ணே, நீங்க பாத்தீங்கள்ல?" என்றார்.

"பாத்தேன்டா. பாத்தேன். பேசாம இரு."

ஜீப்பிலிருந்து இறங்கியவர் கையில் இன்னும் கரும்பு இருந்தது.

4

மறுநாள் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். அம்மா அறுப்புக் கவலையில் இருந்ததால் அப்பா என்னையும் கூட்டிப் போனார். என்னை வாசல் புங்கமரத்தடியில் நிற்க வைத்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே சப்-இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டிருந்தார். அதட்டவில்லை; டீ வாங்கிக் கொடுத்துத்தான் பேசினார்.

"அந்த சைக்கிள்ல எத்தனை பேருய்யா வந்தாங்க?"

"ஒருத்தருங்க. காத்தமுத்து மட்டுந்தாங்க."

"நல்லா யோசி. உன் சைக்கிள்ல எத்தனை பேரு?"

"நானும்... பாப்பாவும்ங்க."

"ஆங். அப்ப டபுள்ஸ்."

"சின்னப் புள்ளைங்க அது."

"சட்டத்துல சின்னப் புள்ள, பெரிய புள்ளன்னா எழுதியிருக்கு? இதோ பாரு கோவிந்தராசு. அந்த ரோட்டுல நேத்து ஒரு டபுள்ஸ் போச்சு. இல்லேன்னு நீயும் சொல்லல, நானும் சொல்லல. அது உன் சைக்கிளா, அவன் சைக்கிளா? அதை மட்டும் சொல்லு, போதும்."

அப்பா டீ கிளாஸை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"கர்ணம் நேத்து வந்திருந்தாரு. ஏதோ பதிவுக்கு மனுக் குடுத்திருக்கியாமே? நல்ல மனுஷன்னு சொன்னாரு உன்னை. கேசு கீசு இல்லாத ஆளுன்னாரு."

பேனா கீறுகிற சத்தம் மறுபடி கேட்டது. அப்பா எட்டாவது படித்தவர், நன்றாக வாசிப்பார். "படிச்சுப் பாத்துட்டே போடு" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அப்பா படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் காகிதத்தில் என்ன இருந்தது என்று பிறகு ஊரே சொன்னது. காத்தமுத்து டபுள்ஸ் ஓட்டிவந்து நிலை தடுமாறி ஜீப்பின் மேல் விழுந்தார். பின்னால் இருந்த பெயர் தெரியாத ஆள் தப்பி ஓடிவிட்டான். உடைந்த காலோடு காத்தமுத்துதான் அபராதமும் கட்டினார்.

அப்பா வெளியே வந்து சைக்கிளை எடுத்தார். பின்னாலேயே ராஜமாணிக்கம் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"கோவிந்தராசு, நம்ம பக்கம்தானே போறே?"

என்னைத் தூக்கி முன்பாரில் உட்கார வைத்தார், அவர் கேரியரில் ஏறினார். வேறொரு சைக்கிளில் இரண்டு பேர் போனதாகப் பொய் எழுதிக் கொடுத்துவிட்டு, எங்கள் சைக்கிளில் மூன்று பேராகப் போனோம். பாலத்தின்மேல் எதிரே வந்தவர்கள் யாரும் மழை என்று சொல்லவில்லை. அப்பாவின் மூச்சு என் உச்சந்தலையில் சூடாக விழுந்துகொண்டே இருந்தது.

அடுத்த வாரம், பள்ளிக்கூடம் நடக்கும்போதே, என்னைக் கோடியக்கரை அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார். மாமாவுக்கு உப்பளத்தில் வேலை. அங்கே நான் இருந்த இரண்டு மாதத்தைச் சொல்ல எனக்கு எந்த மொழியிலும் வார்த்தை போதாது. வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள். விடியும்போது அவை ரோஜா நிறமாகும். அந்த நிறமே எழுந்து சிறகடித்துப் பறக்கும். பிறகுதான் தெரியும், அவை பூநாரைகள் என்று. காலைச் சுற்றி உப்பு காய்ந்து வெடிக்கும். அத்தை சுட்ட மீனில் உப்பே போடமாட்டாள், காற்றிலேயே இருக்கிறது என்பாள். ஹாலந்தின் நீண்ட குளிர்காலங்களில் எதையாவது நினைத்துத் தூங்க வேண்டும் என்றால் அதைத்தான் நினைப்பேன். என் வாழ்க்கையிலேயே யாரும் எதுவும் கேட்காத இரண்டு மாதம் அது.

திரும்பி வந்தபோது அப்பாவின் பெயர் பதிவேட்டில் ஏறியிருந்தது. அந்த நிலத்து நெல்லில்தான் நான் காலேஜ் படித்தேன், கல்யாணம் ஆனது, விமானம் ஏறினேன். காத்தமுத்துவின் கால் கோணலாகக் கூடியிருந்தது. வயலில் குனிந்து அறுக்க முடியாமல் வாத்து மேய்க்கப் போய்விட்டார். அவருடைய சைக்கிள் ஸ்டேஷன் பின்புறம் கொடி படர்ந்து கிடந்தது.

5

கடிதம் வந்த இரண்டாம் நாள் அப்பாவுக்குப் போன் செய்தேன். எண்பதைத் தாண்டிவிட்டார். தஞ்சாவூரில் தம்பி சேகர் வீட்டில் இருக்கிறார். போனை எடுத்தவன் சேகர். அன்று காலை ஹெல்மெட் போடாததற்குப் பிடிபட்ட கடுப்பில் இருந்தான்.

"பிடிச்ச ஆளு ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடில மாட்டியிருக்கான்க்கா. கேட்டா, 'நான் நிக்கிறேன், நீ ஓட்டுனே'ங்கறான். நேத்து கோர்ட்டுக்குத் திருடனைக் கொண்டு போறாங்க, ஒரே பைக்ல. முன்னாடி போலீஸ், நடுவுல திருடன், பின்னாடி போலீஸ். அந்தத் திருடன் ஒருத்தன்தான் ட்ரிபிள்ஸுன்னு கூச்சப்பட்டுத் தலைகுனிஞ்சிருந்தான்."

அப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன். விஷயத்தைச் சொன்னேன்.

"வேணாம்மா. எழுதிக் குடுக்காதே. வந்த ஊர்ல உனக்கெதுக்கு?"

"நான் இப்ப இந்த ஊர்க்காரிப்பா."

"போலீஸ் எந்த ஊர்லயும் போலீஸ்தான். புள்ளைகிட்ட சொல்லி வாபஸ் வாங்கச் சொல்லு. நீ பாக்கலேன்னுடு. யாருக்கு என்ன நஷ்டம்?"

எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. நாற்பது வருடமாகக் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு என்னை எதுக்குப்பா கோடியக்கரைக்கு அனுப்பினீங்க?"

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. 

"கட்சிக்காரங்க வக்கீல் வச்சாங்க. புள்ளையும் கூட இருந்துச்சாமேன்னு விசாரிச்சாங்க" என்றார். "உனக்கு அப்பப் பொய் வராது மல்லி. கேட்டா சொல்லிடுவே."

அவ்வளவுதான் சொன்னார். போனைச் சேகரிடம் கொடுத்துவிட்டார்.

நான் அடுப்படியில் நின்றேன். என் பூநாரைகள், என் உப்பு மலைகள், என் இரண்டு மாதச் சொர்க்கம். அது ஒரு சாட்சியை ஒளித்து வைத்த இடம். எழுதிய காகிதத்தில் காத்தமுத்துவின் பின்னால் இருந்த ஆள் தப்பி ஓடிவிட்டதாக இருக்கிறது. அந்த ரோட்டில் பின்னால் உட்கார்ந்து வந்தது நான் ஒருத்திதான். காகிதத்தில் என்னைத்தான் தூக்கி அவருடைய கேரியரில் வைத்தார்கள். எங்கே ஓடினேன் பாருங்கள்: முதலில் கடற்கரைவரை, பிறகு கடல் தாண்டியும்.

6

ஸ்டேஷனுக்குப் போகிற அன்று என் சைக்கிளின் பின்விளக்கு எரியவில்லை. பட்டப்பகல்தான். ஆனாலும் ஏறாமல் தள்ளிக்கொண்டே நடந்தேன். கயல் பக்கத்தில் மெதுவாக ஓட்டிக்கொண்டே வந்தாள்.

"அம்மா, ஏன் தள்ளுறீங்கள்? பகலில லைட் தேவையில்லை."

"நீ போ. நான் வரேன்."

"பயமோ?"

"ஆமாம்."

அவள் இறங்கினாள். என்னோடு தள்ளிக்கொண்டு நடந்தாள். 

காவல் நிலையம் நூலகம்போல் இருந்தது. தொட்டியில் செடி, கண்ணாடி மேஜை. அந்தப் போலீஸ்காரர் பெயர் யூப். இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும், காதெல்லாம் சிவந்திருந்தது. அவருடைய மேலதிகாரி அம்மாள் ஒருவர் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தார். காபியை யூப்தான் ஊற்றினார். தட்டில் ஆளுக்கு ஒரே ஒரு பிஸ்கட். டெல்டா சோறு தின்ற எனக்கு இந்த ஒற்றை பிஸ்கட் மட்டும் இன்னும் பழகவில்லை.

கயல் டச்சில் பேசினாள். என் மகள் அப்படி நிமிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை. "நான் போன் பார்த்தது தப்பு, அபராதத்தைக் கட்டுகிறேன். நீங்கள் செய்ததும் தப்பு. அதோடு, எனக்கு முன்னால் இரண்டு பேர் போன் பார்த்துக்கொண்டு போனார்கள். ஏன் என்னை மட்டும் நிறுத்தினீர்கள்?"

போன் எடுத்ததையும் விளக்கைத் தாண்டியதையும் யூப் உடனே ஒப்புக்கொண்டார். அந்தக் கடைசிக் கேள்விக்குக் கோப்பைக்குள் பார்த்தார். "நான் அதை யோசிக்க வேண்டும்" என்றார். மேலதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். எழுதினார் என்பதால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. இந்த ஊரிலும் முகம் பார்த்துத்தான் கை நீள்கிறது.

பிறகு மேலதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"திருமதி கோவிந்தராசு, நீங்கள் பார்த்தீர்களா?"

ஆம் என்று சொல்ல டச்சில் 'யா' என்ற ஓரெழுத்துப் போதும். நான் கயலைப் பார்த்தேன். கயல் என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இல்லை என்று சொல்லிவிடுவேன் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். அவள் தோள் அப்படித்தான் இருந்தது. நாளைக்கு அவள் தமிழை விட்டுவிடுவாள், தாண்டிப் போவாள், வேறொரு வீட்டில் வேறு மொழியில் பிள்ளை வளர்ப்பாள். அதெல்லாம் போகட்டும். இந்த ஒரு தோள் தாழக்கூடாது என்று இருந்தது.

"பாத்தேன்" என்றேன் தமிழில். பிறகு டச்சில் சொன்னேன். எங்கே நின்றேன், விளக்கு என்ன நிறம், எந்தக் கையில் போன், எல்லாம் சொன்னேன். இலக்கணம் தாறுமாறாக வந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

அச்சடித்து நீட்டி, படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள் என்றார்கள். நான்கு தடவை படித்தேன். கீழே சாட்சி என்று போட்டு, பக்கத்தில் கோவிந்தராசு என்று அச்சாகியிருந்தது. அதன்மேல் கையெழுத்துப் போட்டேன்.

7

அன்றைக்கே அப்பாவிடம் சொன்னேன்.

"அடிச்சாங்களா, மிரட்டுனாங்களா?"

"காபி குடுத்தாங்கப்பா."

"எனக்கும் டீ குடுத்தாங்க" என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை சேகர் வீடியோவில் கூப்பிட்டான். குரல் பதறியிருந்தது. "அக்கா, காலைலேர்ந்து ஒரே அடம். காத்தமுத்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னு. இங்கதான் இருக்கோம். நீயே பாரு."

போனைத் திருப்பினான். மாடி வைத்த வீடு. காத்தமுத்துவின் மகள் பாபநாசத்தில் டீச்சர், அவள் கட்டியது. வராந்தாவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றில் அப்பா. எதிரே காத்தமுத்து, ஒரு காலை நீட்டிக்கொண்டு. தலை பஞ்சாகியிருந்தது. கையில் கைத்தடி. அப்பாவின் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர், பாதி குடித்திருந்தது. அந்தத் தெருவில் அப்பா தண்ணீர் வாங்கிக் குடித்து நான் பார்த்ததில்லை.

"காத்தமுத்து" என்றார் அப்பா. "அன்னிக்கு நீ ஒருத்தன்தான் வந்தே. பின்னாடி யாருமில்ல. ஜீப்பு உன் பக்கம் வந்துச்சு. நான் பாத்தேன். பாத்துட்டு மாத்தி எழுதிக் குடுத்தேன்."

காத்தமுத்து சிரித்தார். பல் குறைந்த சிரிப்பு.

"அத என்னத்துக்கு அண்ணே எங்கிட்ட சொல்றீங்க? சைக்கிள் ஓட்டுனது நான். எத்தனை பேரு வந்தோம்னு எனக்குத் தெரியாதா?"

அப்பா தலை குனிந்தார். கைத்தடியால் தரையை ஒரு தட்டுத் தட்டினார் காத்தமுத்து. சிரிப்பு போயிருந்தது.

"வாத்துக்காரன் ஆயிட்டேன்னு எனக்கு வருத்தமில்ல. எம்மவளைப் பள்ளிக்கூடத்துல, 'உங்கப்பன் டபுள்ஸ் ஓட்டி ஜீப்புல விழுந்தவன்தானே'ம்பாங்க. இப்பவும் கேக்கறவன் இருக்கான். தெரிஞ்சவன்கிட்ட வந்து சொல்றீங்க. தெரியாதவன்கிட்ட சொல்லுங்க அண்ணே."

  அப்பா சேகர் கையிலிருந்து போனை வாங்கினார். அவர் முகம் மிக அருகில் வந்தது; பாதி நெற்றியும் ஒரு கண்ணும்தான் தெரிந்தன.

"மல்லி, நீ பத்திரிகைக்கெல்லாம் எழுதுவேல்ல?"

"எப்பவாவது எழுதுவேன்ப்பா."

"இதை எழுது. எம் பேரைப் போட்டே எழுது."

அதனால் எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்கள், குறிப்பாகக் குடமுருட்டிக்கு இரண்டு பக்கத்திலும் இருப்பவர்கள் வாசித்து, வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் சொல்லுங்கள்.

என் பெயர் மல்லிகா, தகப்பனார் கோவிந்தராசு. சம்பா அறுப்பு நின்றிருந்த அந்தத் தை மாதம், சாயங்காலம், வாய்க்கால் கரைச் சாலையில் காத்தமுத்து தனக்கான பக்கத்தில் தனியாகச் சைக்கிள் ஓட்டிப் போனார். போலீஸ் ஜீப் தப்பான பக்கத்தில் வந்து அவரை மோதியது. அந்தச் சாலையில் டபுள்ஸ் வந்தது நாங்கள். அப்பா ஓட்டினார், நான் பின்னால் இருந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் பார்த்தேன்.